ஊதா மருந்துக்குத் தோற்ற பத்து ரூபாய்

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லியனார்டுக்கு நான் பத்து ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்று இல்லை, பந்தயத்தில் தோற்ற கடன். 1959இல் என் தங்கை வேலாயியின் விரல்களை வைத்துக் கட்டிய பந்தயம்.

கொட்டகலைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்ற நான், நுவரெலியா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவச் சேர்ந்தேன். இரண்டே வருடத்தில் தட்டில் கிருமி வளர்க்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்தேன், பிடித்துக்கொண்டேன்.

மழையில் நனைந்த கொழுந்தையே பறித்துப் பறித்து வேலாயிக்கு நகக்கண்ணெல்லாம் வீங்கிச் சீழ் கட்டியது. பறிக்கும் கொழுந்தின் எடை இறாத்தல் கணக்கில் குறைந்தது. மூன்று மாதமாக அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பேரை வெட்டிவிடுவதாக மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார்.

லியனார்ட் பழைய ஊதா மருந்தையே தடவிக்கொண்டிருந்தார்.

“அது சேலைக்குப் போடுற சாயமுங்க. கொழும்புல இருந்து புது மஞ்ச மருந்து வந்திருக்கு” என்றேன்.

“போத்தல் கழுவுற தொரை சொல்லிட்டாரு! எந்த மருந்து கிருமியக் கொல்லுதுன்னு பத்து ரூவா பந்தயம், வாறியா?”

வேலாயியின் நகச் சீழைத் தட்டில் தடவினேன். மூன்றாம் நாள் வெண்ணெய்ப் பொட்டுகளாக ஈஸ்ட் முளைத்தது. அதைப் புதுத் தட்டில் பரப்பி, இரண்டு மருந்திலும் நனைத்த காகிதத் துண்டுகளை வைத்தேன். ஊதாவைச் சுற்றி ஐம்பது சதக் காசைவிடப் பெரிய வெற்று வட்டம். மஞ்சளைச் சுற்றி மெல்லிய கோடு. வட்டத்தை மட்டும் நம்பக்கூடாது, நன்றாக ஊறிப் பரவும் மருந்து பெரிதாகவே காட்டும். ஆகவே இரண்டையும் குழாய்க்குக் குழாய் பாதி வீரியமாகக் கரைத்து, ஈஸ்ட்டைப் போட்டும் பார்த்தேன். மஞ்சள் நான்காம் குழாயிலேயே கைவிட்டது. ஊதா ஒன்பதாம் குழாய்வரை ஈஸ்ட்டை முளைக்க விடவில்லை.

தோற்றேன். ஆனால் நான் வைத்த சோதனை பிசகாது. தட்டில் செத்தது விரலில் ஏன் சாகவில்லை?

லீவில் வந்த ஒரு விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன், வேலாயியைப் பீலிக் குழாயின் தண்ணீரடியில் பிடித்தேன். சாம்பல் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊதாக் கையோட போனா கொழுந்துல கற படும்னு கண்டாக்கு ஐயா வெரட்டுறாருண்ணே.”

நேரே லியனார்டிடம் போனேன். “ஒங்க மருந்து செயிச்சிருச்சுங்க. ஆனா வெரலு ஆறுனாத்தான் காசு. கண்டாக்குகிட்ட வாங்க.”

இருவரும் பேசி, தேயிலை ஸ்டோரில் அவளுக்குச் சாக்குத் தைக்கும் வேலை வாங்கினோம். கை காய்ந்தே இருந்தது, மருந்தும் நிலைத்தது. ஆறாம் வாரம் கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பி முழுப்பேர் போட்டாள்.

“காசு எங்க, தொரை?” லியனார்ட் கையை நீட்டினார்.

பத்து ஒற்றை ரூபாய் நோட்டுகளை வேலாயியிடம் கொடுத்தேன். ஒட்டிக் கிடந்த புது நோட்டுகளை நகத்தாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, பத்தையும் அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.