கூரைமேல் எறிந்த பல்

அடையாள அட்டைப்படி ஃபிதானுக்கு நாற்பத்திரண்டு வயது. உடம்புப்படி முப்பத்தொன்பது. நடுவிலிருக்கும் மூன்று வருடம் செத்துப்போன அக்காவினுடையது. அக்கா பேரும் ஃபிதான்தான். மலையிறங்கிப்போய் அவள் சாவைப் பதிய யாருக்கும் நேரமில்லை. அடுத்துப் பிறந்தவளுக்கு அப்பா அதே அட்டையைக் கொடுத்துவிட்டார். ஜப்பானின் வராபியில் குர்துகள் குடியிருக்கும் அந்தச் சந்தில் பாதிப்பேர் இப்படி யாரோ ஒருவரின் பிறந்தநாளில் வாழ்கிறவர்கள்தான். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, குடிவரவு அலுவலகத்தைத் தவிர.

துருக்கியில் ராணுவம் வீட்டைக் கொளுத்தியபோது தனக்கு ஏழு வயது என்று முதல் அகதி மனுவில் சொல்லியிருந்தாள். அட்டைக் கணக்கில் பத்து வந்தது. 'நம்பத் தகுந்ததாக இல்லை' என்று தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது மனு. இதுவும் போனால், மூன்றாவது போட்டாலும் விமானத்தில் ஏற்றி அனுப்பலாம் என்பது புதுச் சட்டம்.

"பத்துன்னு சொல்லித் தொலையேண்டி. பத்து வயசுக்காரின்னா நெருப்பு சுடாதா?" என்றாள் பக்கத்து வீட்டு செனெம்.

"அட்டைக்குப் பிடிச்சத அட்டைக்குச் சொல்லு. வாய்தான் உன்னுது, வயசு அவங்களுது," என்றான் புருஷன் ஹெய்தார்.

ஃபிதான் எழுந்து, கைகளைத் தொடையில் ஒட்டி, இடுப்பை வளைத்தாள். விசாரணை அதிகாரி குசாகாரி அப்படியே அவள் உடம்பில் வந்து இறங்கினார். "மன்னிக்கணும் ஃபிதான் சான். வீடு எரிஞ்சப்போ, சிரமத்துக்கு மன்னிக்கணும், உங்க வயசு என்ன?" நிமிர்ந்தாள். "நம்மள ஏத்தி அனுப்புற அன்னைக்கும் இந்த ஆளு மன்னிப்பு கேட்டுக்கிட்டேதான் கதவச் சாத்துவான் பாருங்க."

செனெமுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. ஆனால் சிரித்து முடித்ததும் ஃபிதான் சொன்னாள், "சரி, பத்து."

மறுநாள் காலை மகள் ரோஜினுக்குக் கீழ்ப்பல் விழுந்தது. ஏழு வயது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அதை சைக்கிள் கொட்டகைக் கூரைமேல் எறிந்துவிட்டு ஓட்டைவாயோடு சிரித்தாள். ஃபிதான் சிரிக்கவில்லை. ரயிலிலும் நாக்கால் தன் பல்லைத் தடவிக்கொண்டே போனாள்.

விசாரணையில் பத்து என்றாள். குசாகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எல்லாம் சுமுகமாக ஓடியது. கடைசியில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். மொழிபெயர்க்கும் பெண் குர்திஷில் சொன்னாள், "எனக்குப் பத்து வயசா இருக்கும்போது..."

ஃபிதான் பேனாவை மேசையில் வைத்தாள். "அத அடிச்சிடுங்க. ஏழு."

"மன்னிக்கணும். ஏன் மாத்துறீங்க?"

"அந்தக் கூரையில என் பல்லு இருந்துச்சு. முந்தின வாரம்தான் எறிஞ்சேன். கூரை எரிஞ்சப்போ ஊரே வீட்டுக்கு அழுதுச்சு, நான் பல்லுக்கு அழுதேன், இனிமே முளைக்காதுன்னு. பத்து வயசுக்காரிக்கு முன்பல்லா விழும்? உங்க பிள்ளைக்கு எப்ப விழுந்துச்சு, கேளும்மா அவர."

மொழிபெயர்க்கும் பெண் தயங்கினாள்.

"அதையும் சேத்துச் சொல்லு. பாதியில முழுங்காத."

சொன்னாள். குசாகாரி மேசையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏழுன்னு எழுதினா இந்த அட்டை உங்களுது இல்லன்னு ஆயிடும். அது உங்களுக்கே எதிராப் போகலாம்," என்றார்.

"என்னுது இல்லதான். எங்க அக்காவோடது. அவ செத்தத அந்த நாட்டுல ஒருத்தனும் எழுதல. நீங்க எழுதுங்க. நான் உயிரோட இருக்கறதையும் எழுதுங்க. பத்துன்னு பொய் சொல்லி இங்க இருக்கறதுக்குப் பதிலா, ஏழுன்னு சொல்லி உங்களோட சண்டை போடுறேன்."

குசாகாரி பேனாவை எடுத்தார். எழுதப்போனவர் நிறுத்தி, "கீழ்ப்பல்லா, மேல்பல்லா?" என்று கேட்டார்.

ஃபிதான் அவரை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். "கீழ். ரெண்டு."

'கீழ்ப்பல், இரண்டு' என்று எழுதினார். அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்: ஃபிதான், இளையவள்.

"மன்னிக்கணும், கையெழுத்து அட்டையில உள்ளபடிதான்..."

"அட்டைக்காரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க. அவ ரெண்டு வயசுலயே போயிட்டா."