ஏழாம் தொட்டிக்குள் இறங்கியவர்

எண்ணெய்க் கப்பலில் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். சரக்குத் தொட்டிகளில் எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. டீ கொடுத்தால், விளிம்புக்கும் டீக்கும் எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். சமையல்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அன்று பகலுக்குள் சரக்கு முழுவதும் இறக்கியாகிவிட்டது. மூன்று மணிப் படகில் அவர் கரையேற வேண்டும். மறுநாள் காலை மனைவிக்கு ஆபரேஷன். மகள் பிறந்தபோதும் கடலில் இருந்த மனுஷன், இதற்கும் போகாவிட்டால் வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது?

கப்பலில் இருந்தவை ஆறு தொட்டிகள். புது கம்ப்யூட்டர் திரையில் ஏழு. வேறொரு கப்பலுக்குச் செய்த புரோகிராமைப் புண்ணியவான்கள் அப்படியே இதில் ஏற்றியிருந்தார்கள். திரையில் ஏழாவது தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. திரையில் தெரிவதெல்லாம் நொடிக்கு நொடி கரை அலுவலகத்திலும் தெரியும்.

“ஏழு காலியாகாம யாரையும் இறக்க முடியாது,” என்றார் போனில் அலுவலகத்து அம்மா.

“ஏழுன்னு ஒண்ணு இந்தக் கப்பல்லயே இல்லம்மா.”

“இல்லாததுல எப்படி சார் தொள்ளாயிரம் டன் இருக்கும்?”

கேப்டன் வம்புக்குப் போகாதவர். ஏழாவது தொட்டியின் வால்வைத் திரையிலேயே தட்டித் திறந்துவிட்டார். மட்டம் கடகடவென்று இறங்கியது. எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மணிக்குச் சுத்தமாகக் காலி.

“நல்லது,” என்றார் அந்த அம்மா. “இப்ப ஒருத்தர் உள்ள இறங்கிப் பாத்துடட்டும்.”

கேப்டன் மில்லிமீட்டரைப் பார்த்தார். “மட்டம் பாக்குறது நீதானேப்பா. இறங்கிடு.”

ஆறாம் தொட்டியைத் தாண்டி, மேல்தளத்தில் வெட்டவெளியில், தலைக்கவசமும் இடுப்பில் கயிறுமாக அவர் போய் நின்றார். கயிற்றின் மறுமுனையைச் சமையல்காரர் பிடித்துக்கொண்டார். ‘உள்ளே சென்ற நேரம் 2.10’ என்று கப்பல் காவலாளி பதிவேட்டில் எழுதினார். உள்ளே இருக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. நாற்பது நிமிஷம் இருவரும் பேசவில்லை.

படகு வந்துவிட்டது. மில்லிமீட்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடினார். காவலாளி மறித்தார்.

“நீங்க உள்ள இருக்கீங்கன்னு எழுதியிருக்குண்ணே. உள்ள இருக்கிறவரை எப்படிப் படகுல ஏத்துறது?”

“உன் முன்னாடிதானேப்பா நிக்கிறேன்.”

“நிக்கிறீங்க. எந்த வழியா வெளிய வந்தீங்க, எவ்வளவு உயரம் ஏறுனீங்கன்னு எழுதிட்டா நான் ஏன் தடுக்கப்போறேன்.”

பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். கீழே படகுக்காரன் ஒலி எழுப்பினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. குனிந்து எழுதினார்: ‘ஏணி வழியாக. பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.’

காவலாளி சரிபார்க்கக்கூட இல்லை. பதிவேட்டை மூடி வழிவிட்டார்.

“நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்ணே.”

மில்லிமீட்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் படகில் இறங்கினார்.