அஞ்சாம் மாடியில் ஒரு பெரு நாட்டுக்காரி

மரியகொறற்றிக்கு ஞாயிறு மத்தியானம் நித்திரை கொள்வது, காலைப் பூசைக்கு அடுத்தபடியான கடமை. கிழமை முழுவதும் இருட்டோடு எழும்பி, சேன்-லசார் பக்கத்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவள். அந்த நித்திரையைக் குழப்ப, பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவருக்கும் துணிவில்லை. புருஷன் றொனால்ட், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் மீன்கடையில் நிற்கிறவர், ஞாயிறு அரைநாள் வேலை முடித்து வந்தால் சப்பாத்தைக்கூட வாசலுக்கு வெளியே கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

ஆகவே, மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு யாரோ கதவைத் தட்டியபோது, ஏசுவதற்கென்றே எழும்பிப் போனாள். கதவைத் திறந்தால் வெளியே ஒரு வயதான கன்னியாஸ்திரி. முகம் சிவந்து, சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் சில்லு வைத்த சந்தைப் பை ஒன்று. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐந்து மாடியும் அந்தப் பையை இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்.

மன்னார் பேசாலையில் பிறந்தவளுக்குச் சிஸ்டரைக் கண்டபிறகு கோபம் எங்கே நிற்கும்? கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, தேத்தண்ணீர் போட்டாள். சிஸ்டர் மூச்சுத் திரும்பியதும் பேசத் தொடங்கினார். நீளமாக, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு சொல்கூட மரியகொறற்றிக்கு விளங்கவில்லை. படித்த ஆட்களின் பிரெஞ்சு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய பிரெஞ்சு வாளி, நிலம், திறப்பு, முடிஞ்சுது, நாளைக்கு என்பதோடு நின்றுவிடும். எனவே சிஸ்டர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. நம்மாட்கள் ஆட்டுகிற ஆட்டம்தான். சிஸ்டர் எல்லாவற்றையும் ஓம் என்றே எடுத்துக்கொண்டார்.

உண்மையில் அவர் பேசியது ஸ்பானிய மொழி. பெயர் சிஸ்டர் என்கார்னாசியோன். பாரிசில் வந்து கஷ்டப்படுகிற லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்க்க, ஸ்பெயினிலிருந்து அனுப்பப்பட்டவர். பெரு, பொலிவியா, கொலம்பியா என்று ஆட்கள் எங்கெங்கோ ஒளிந்தமாதிரி வாழ்கிறார்கள். ஒரு பட்டியலும் கிடையாது. எனவே அவர் வாசல் மணிகளில் எழுதியிருக்கிற பெயர்களைப் படித்துப் படித்து மாடி ஏறுவார். மரியகொறற்றியின் மணிக்குப் பக்கத்தில், இடம் போதாமல் மகள் சுருக்கி எழுதி ஒட்டியிருந்தது: மரியா பெர்னாந்து குரூஸ். தகப்பன் வழிப் பெயர் பெர்னாந்து, புருஷன் வழிப் பெயர் குரூஸ். எப்போதோ போர்த்துக்கீசர் விட்டுப்போன பெயர்கள். பேசாலைக் கரையில் தெருவுக்குப் பத்துப்பேர் இருக்கிறார்கள். சிஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? தங்கள் ஸ்பானியப் பெயரான 'க்ரூஸ்' என்பதைப் பிரெஞ்சுக்காரன் வழக்கம்போல எழுத்துப் பிழைவிட்டு எழுதியிருக்கிறான் என்றுதான் அவர் நினைத்தார்.

தேத்தண்ணீர் முடிந்ததும் சிஸ்டர் செபமாலையை எடுத்தார். அது மரியகொறற்றிக்கு விளங்கியது. தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். சிஸ்டர் பாதி சொல்ல, இவள் மீதியைத் தமிழில் சொன்னாள். சிஸ்டர் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னும் பக்தியோடு மூடிக்கொண்டார்.

போகும்போது பையிலிருந்து பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் மா இரண்டு பைக்கற், கறுத்த அவரை, ஒரு போத்தல் இனிப்பு. மரியகொறற்றி வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினாள். அதுவும் ஓம் ஆகிப்போனது.

பின்னேரம் றொனால்ட் சமையலறையில் மாவைக் கிள்ளிப் பார்த்தார்.

"இதென்ன மா? மஞ்சளாக் கிடக்கு."

"சிஸ்டர் ஒராள் தந்தவா. சோளமா போலக் கிடக்கு."

"ஏன் தந்தவா?"

"எனக்கென்ன தெரியும்? தந்தவா, வாங்கினன்."

அவள் அதைக் குழைத்துப் புட்டு அவித்தாள். பஞ்சுபோல வந்தது. சூரைமீன் குழம்போடு றொனால்ட் இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு, "சிஸ்டரிட்டை அடுத்தமுறை இறாலும் கொண்டரச் சொல்லு," என்றார்.

சிஸ்டர் அடுத்தமுறையும் வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார். வாயில் நுழையாத அந்தப் பெயரை மரியகொறற்றி 'எங்கட சிஸ்டர்' என்று ஆக்கிக்கொண்டாள். கூப்பிட்டால் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார், அது போதும். நித்திரை போனதில் கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை, ஏழைகளின் பொருளைத் தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்பது. பைக்கற்றில் ஸ்பெயின் பாஷை எழுதியிருக்கிறது என்று மீன்கடைக்கு வருகிற ஒரு பெண் வாசித்துச் சொன்ன பிறகுதான், ஆள் மாறிப்போன விஷயம் அவளுக்கு அரைகுறையாகப் பிடிபட்டது.

ஒரு கிழமை முழுக்க வாளியும் கையுமாக ஒரு வசனத்தைப் பாடமாக்கினாள். ஞாயிறு சிஸ்டர் வந்து இருந்ததும் நெஞ்சில் கைவைத்துப் பிரெஞ்சில் சொன்னாள்: "நான் ஸ்பானியக்காரி இல்லை."

"அதுதானே! நீங்கள் அமெரிக்கக் கண்டத்து ஆள். எனக்குத் தெரியாதா?" என்றார் சிஸ்டர், அவரும் தன் அரைகுறைப் பிரெஞ்சில், அவள் முழங்கையைத் தடவிக்கொண்டே.

"இல்லை, சிஸ்டர். சிறிலங்கா. லங்கா!"

சிஸ்டருக்கு இடது காது சரியாகக் கேட்காது. முகம் மலர்ந்து கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "வங்கா! வங்கா!" என்று அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வங்கா என்பவர்கள் பெரு நாட்டு மலைச்சாதிக்காரர். ஸ்பானிய மொழிகூடத் தெரியாத மலைப் பெண்ணொருத்தி தன் மிஷனுக்குக் கிடைத்துவிட்டாள், மலைப் பாஷையிலேயே செபமாலை சொல்கிறாள் என்று சிஸ்டர் தன் மடத்துக்கும் மேலிடத்துக்கும் எழுதிப் போட்டார். மரியகொறற்றிக்கு இது ஒன்றும் தெரியாது. தான் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், சிஸ்டர் அதைப் பெருமனதோடு ஏற்றுக்கொண்டதாகவும் நினைத்து அன்றிரவு நிம்மதியாகப் படுத்தாள்.

யூன் மாதத்தில் சிஸ்டர் அவளை மார்க்ஸ் தோர்முவா பக்கத்திலிருந்த சிற்றாலயத்துக்கு, ஸ்பானியப் பூசைக்கு அழைத்துப் போனார். மரியகொறற்றி மரியாதைக்குப் பட்டுச்சேலை உடுத்தினாள். அங்கே எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மலைநாட்டில் நெசவு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பூசை முடிந்ததும் சிஸ்டர் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உருவம், இரட்டைப் பின்னல், பாவாடையைப் பிடித்தபடி இரண்டு பெண் குழந்தைகள். பெயர் யோலாண்டா. அசல் வங்கா.

"பேசுங்கள்! உங்கள் பாஷையில் பேசுங்கள்!" என்று சிஸ்டர் இருவர் கையையும் சேர்த்து வைத்தார். கோயில் முழுக்க வட்டமாகக் கூடிவிட்டது.

மரியகொறற்றிக்கு வியர்த்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தங்கச்சி, நான் பேசாலை. இந்த மனுஷிக்கு எப்பிடி விளங்கப்படுத்துறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீயாவது ஒருக்காச் சொல்லிவிடு, ராசாத்தி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

யோலாண்டா அவளைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டரின் கண்ணில் தண்ணீர் நின்றது. யோலாண்டா மூச்சை இழுத்துவிட்டு, பாட்டுமாதிரிச் சொல்லத் தொடங்கினாள்.

"வாய்ரோ... யுங்காய்... கான்சான்... வாமன்தங்கா..."

மரியகொறற்றிக்குக் கடைசிச் சொல் 'வாம்மா தங்கா' என்று கேட்டது. தமிழ்தான் பேசுகிறாளோ என்று ஒரு கணம் திகைத்தே போனாள். "வந்திட்டன், பிள்ளை, வந்திட்டன்!" என்று பதில் சொன்னாள். சனம் கைதட்டியது. ஒருவர் படம் எடுத்தார்.

பிறகு பின்பக்கத்துக் குசினியில் கோப்பை கழுவும்போது யோலாண்டா கதவைச் சாத்திவிட்டு, உடைந்த பிரெஞ்சில், "மதாம், நீங்கள் என்ன பாஷை?" என்று கேட்டாள். மரியகொறற்றி தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாள். இரண்டு உடைசலும் நன்றாகவே பொருந்தின.

"நீ சொன்னது என்ன?"

யோலாண்டா வெட்கப்பட்டாள். அவள் நகரத்துச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்று வளர்ந்தவள். அந்த மலைமொழி அவளுக்குத் தெரியாது. தெரியாதென்று சிஸ்டரிடம் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்ததெல்லாம் உருளைக்கிழங்கு வகைகளின் பெயர். அதைத்தான் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள்.

மரியகொறற்றி குசினிச் சுவரில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தாள். யோலாண்டா தரையிலேயே இருந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது அவள் அழுதுகொண்டிருந்ததை மரியகொறற்றி கண்டாள்.

யோலாண்டாவுக்கு இருந்தது ஒபர்வில்லியேயில் பண்டகசாலைகளுக்கு நடுவே, வீடில்லாதவர்களை அரசு தங்கவைக்கிற ஒரு ஒத்தெல் விடுதியில் ஒற்றை அறை. புருஷன் ஸ்பெயினுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன், கூப்பிட்டால் எடுப்பதில்லை. அறையில் சமைக்கக்கூடாது. மாதக்கணக்காகப் பாணும் தகரத்து மீனும். சின்னவள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்.

அடுத்த ஞாயிறு மரியகொறற்றி நித்திரையை முழுதாகக் கைவிட்டாள். சிஸ்டர் தந்த மஞ்சள் மாவைப் புட்டாக அவித்து, உறைப்புக் குறைத்து மீன்குழம்பு வைத்து, துணியில் சுற்றிக்கொண்டு மெத்ரோ ஏறினாள். சின்னவள் முதலில் முகர்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் தின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே பயணம். வழியில் குழம்பு மணத்துக்கு ஆட்கள் இருக்கை மாறி உட்கார்ந்தார்கள். அவளுக்கு வசதியாக இடம் கிடைத்தது.

நவம்பரில் அந்த ஒத்தெலைத் திருத்த வேலைக்கென்று மூடினார்கள். யோலாண்டாவை நகரத்துக்கு வெளியே வெகு தூரத்துக்குப் போகச் சொன்னார்கள். மூத்தவளின் பள்ளிக்கூடம் போய்விடும், யோலாண்டாவுக்குக் கிடைத்திருந்த துப்புரவு வேலையும் போய்விடும். மரியகொறற்றி போனது புட்டுக் கொடுக்க; திரும்பி வந்தது மூன்று பேரோடும் நாலு பையோடும்.

றொனால்ட் வாசலில் நின்று பார்த்தார்.

"இதார்?"

"பெரு."

"எவ்வளவு நாளைக்கு?"

"மாதாவுக்குத்தான் தெரியும்."

"நீ என்ன, மிஷன் நடத்துறியோ? இருக்கிறதே ரெண்டு அறை!"

"நாங்கள் வந்த புதுசிலை இதே லா சப்பலிலை ஓரறைக்குள்ளை ஒன்பது பேர் கிடந்தனாங்கள். அப்ப நீங்கள் அலுமாரிக்குள்ளை காலை நீட்டித்தானே படுத்தீங்கள்?"

றொனால்டுக்கு அந்த அலுமாரி நன்றாக நினைவிருந்தது. பைகளைத் தூக்கி உள்ளே வைத்தார். அடுத்தநாள் கடையிலிருந்து விளைமீன் தலை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். யோலாண்டா அதில் எலுமிச்சம்புளி பிழிந்து ஒரு சூப் வைத்தாள். குடித்துவிட்டு, "பெண்பிள்ளையளுக்குக் குளிரும். அந்தத் தடிச்ச போர்வையை எடுத்துக் குடு," என்றார்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மகள் அனுஜா வந்தாள். லீல் நகரத்தில் படிக்கிறவள். லிசே பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி எடுத்துத் தேறியவள். வந்த இரண்டாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். அனுஜா திறந்தாள். சிஸ்டர், இரண்டு மாதம் ஸ்பெயினில் தன் மடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அதே சந்தைப் பையோடு. உள்ளே பார்த்தால் யோலாண்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சிஸ்டர் இரண்டு கையையும் விரித்து, வங்காக்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த அதிசயத்தைப் பற்றி ஸ்பானிய மொழியில் நீளமாகப் பேசினார். அனுஜா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்பானிய மொழியிலேயே நாலு வசனம் சொன்னாள்.

சிஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார்.

அனுஜா பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்தினாள். "மமோன்! நீங்கள் பெருவிலை மலையிலை இருந்து வந்தனீங்கள் எண்டு இவா நினைச்சிருக்கிறா! மேலிடத்துக்கெல்லாம் எழுதிப்போட்டாவாம்!"

மரியகொறற்றிக்கு முகம் இருண்டது. "ஐயோ, நான் சொன்னனான். லங்கா எண்டு சொன்னனான், சிஸ்டர்!"

அனுஜா மொழிபெயர்த்தாள். சிஸ்டர் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மரியகொறற்றி பதறிப்போய்க் கிட்டப் போனாள். சிரிப்பு. இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரிப்பு. அடங்கியபிறகு முகம் கனத்தது.

"அப்படியென்றால் ஏழைகளின் மாவை நான் இத்தனை மாதம் தவறான வீட்டிலா கொடுத்தேன்?"

யோலாண்டா கத்தியை வைத்துவிட்டு எழும்பினாள். முதல் சில மாதம் வந்ததைத்தவிர மற்றதெல்லாம் தன் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் வந்தது என்று, மரியகொறற்றி சுமந்துவந்த குளிர்நாள் மழைநாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். அதோடு தன் உருளைக்கிழங்கு விஷயத்தையும் ஒப்புக்கொண்டாள். சிஸ்டருக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது.

அன்றைக்கே சிஸ்டர், அனுஜாவின் வாயால், ஒரு வேண்டுகோள் வைத்தார். மரியகொறற்றி தன்னோடு குடும்பங்களைப் பார்க்க வரவேண்டும். "பாஷை தெரியாதே," என்றாள் அவள். "எனக்குப் பாஷை தெரிந்து நான் கண்டது என்ன?" என்றார் சிஸ்டர்.

மாசி மாதத்தில் ஆர்ஜொந்தெயில் ஒரு பங்குக்கோயில் வீட்டின் மேல்மாடி யோலாண்டாவுக்குக் கிடைத்தது. இரண்டு அறை, நாலு அடுப்பு வைத்த குசினி. அவள் முதல் நாள் நாலு அடுப்பையும் ஒன்றாக மூட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். சிஸ்டரும் மரியகொறற்றியும் ஞாயிறுதோறும் மாடி ஏறினார்கள். சிஸ்டர் செபிப்பார், இவள் சட்டியை இறக்கி வைப்பாள். ஒரு வீட்டில் மாடிப்படி அறுபதுக்கு மேல் என்றால் சிஸ்டரின் முழங்காலுக்காக இடையில் செபமாலையில் ஒரு பத்து மணியையும் முடித்துக்கொள்வார்கள்.

வேனிலில் அந்த முழங்காலைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். சிஸ்டர் படுக்கையிலிருந்து தொலைபேசியில் கட்டளைகள் போட்டார். மரியகொறற்றி எல்லாவற்றுக்கும் ஸ்பானிய ஓமான "சீ, சீ" என்று சொல்லிவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தாள். யோலாண்டா துணைக்கு வந்தாள். சட்டிகள் கூடிப்போனதால் றொனால்ட் மீன்கடை வானை இரவல் வாங்கி ஓட்டவேண்டியதாயிற்று. வாகனம் தெருமுனையில் திரும்பும்போதே வாசனையில் பிள்ளைகள் கீழே ஓடிவந்துவிடும். றொனால்ட் முதல் ஞாயிறு வானை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாம் ஞாயிறு சட்டியைத் தூக்க இறங்கினார். மூன்றாம் ஞாயிறு ஒரு பொலிவியக் கிழவர் அவரைக் கட்டிப்பிடித்து "எர்மானோ, எர்மானோ" என்று விடாமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் றொனால்ட் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, எர்மானோ எண்டால் என்ன? ஏசுறாங்களோ?"

"இல்லையப்பா. அண்ணை எண்டு சொல்லுறாங்கள்."

"அண்ணையோ? அப்ப சரி."

அடுத்த ஞாயிறு மத்தியானம் மரியகொறற்றி சட்டிகளைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நத்தாருக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சேட்டை மேசையில் விரித்து, கொலரை இஸ்திரிப்பெட்டியால் இரண்டாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தார்.