யாரோ மாட்டிவிட்ட கஃப்லிங்க்

அவளுக்குப் பெயர் வைத்தது பெற்றவர்கள். 'சிஐடி' என்று பட்டம் கட்டியது நாத்தனார். பட்டம் சும்மா வந்துவிடுமா? கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளுக்குப் பொடிப் பொடி ஸ்குரூ முடுக்குகிறவள் அவள். புருஷன் சட்டையில் ஒரு முடி ஒட்டியிருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்புமா என்ன?

புருஷன் பெரிய ஓட்டலில் விருந்துப் பிரிவு மேலாளர். அந்த வேலைக்குப் பொத்தான் வைத்த சட்டைக் கை உதவாது. சட்டைக் கையின் நீளமான முனையைத் திருப்பி மடித்து, நான்கு ஓட்டைகளையும் நேராக்கி, பொத்தானுக்குப் பதிலாகக் கஃப்லிங்க் மாட்டவேண்டும். கல்யாணமான புதிதிலேயே அந்த வேலையை அவள் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு ஓரங்களும் கும்பிட்ட கை மாதிரி ஒட்டி நிற்கவேண்டும். கல் பதித்த முகம் வெளியே, உள்பக்கத்துக் குச்சி குறுக்கே. காலையில் எவ்வளவு சண்டை நடந்தாலும் அவர் கையை நீட்டுவார். மாட்டி முடிகிறவரை அவள் வாய் திறக்கமாட்டாள். உலகத்துப் பெண்கள் யாரும் இவரைப் பார்க்கக் கூடாது என்று சட்டமா போட முடியும்? இந்த மணிக்கட்டாவது தனக்கு மட்டும் என்று ஒரு நிம்மதி.

ஒரு சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றக் குனிந்தபோது அந்த நிம்மதியும் போயிற்று. வலது கையில் ஓரங்கள் ஒட்டி நிற்கவில்லை. சாதாரணச் சட்டை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இடது கையும் அப்படியே. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இவருக்குத்தான் தானாக மாட்டத் தெரியாதே!

ஓட்டல் வரவேற்பில் ஒருத்தி இருக்கிறாள், விரலெல்லாம் நகப்பூச்சு. பூ அலங்காரத்துக்கு ஒருத்தி வருகிறாள், வாயைத் திறந்தால் 'சார், சார்'. இரண்டு பேரில் எவள்? இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் குனிந்து... எவளாக இருந்தாலும் அவள் கை விளங்காமல் போக என்று மனதார சபித்தாள். தண்ணீரை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது.

"யாரு மாட்டிவிட்டா?"

"எத?"

"கைய நீட்டுங்க. இது நான் மாட்டினதா?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "அதுவா? விரிஞ்சு நிக்கிற சட்டக் கை சூப்புல போய்த் தோயுதும்மா. அதான் கழட்டி, ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி மாத்திக்கிட்டேன்."

"மாத்திக்கிட்டீங்களா, மாத்திவிட்டாளா? யாருகிட்ட கதை விடுறீங்க? அந்த நகப்பூச்சுதானே?"

அவர் வலது கை கஃப்லிங்கைக் கழற்றினார். இடது கை விரல்களாலேயே மடிப்பை இழுத்து, ஓட்டைகளை நேராக்கி, கட்டைவிரலால் தள்ளி, குச்சியைத் திருப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. ஓரங்கள் ஒட்டி நின்றன. அவள் மாட்டுவதைவிட நேர்த்தியாகவே இருந்தது, பாவி மனுஷன்.

"அப்போ இத்தன வருஷமா?"

"தெரியும்னு சொன்னா நீ கிட்ட வரமாட்டியே," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "திட்டாம நீ என் பக்கத்துல நிக்கிறது அந்த நேரந்தான்."

நெஞ்சு இளகித்தான் போயிற்று, இல்லையென்று சொல்வானேன். கண்ணும் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கல்லை மெல்லத் தடவினாள். தடவிய விரல் பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள். "ஒத்தக் கையால போட ஒங்களுக்கு யாரு கத்துக் குடுத்தா?"