மாசி ஒன்று வரைக்கும்

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோதுதான் ராணியம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறோம், கட்டணம் கிடையாது என்று எழுதி, கீழே செல்பேசி எண் இருந்தது. வரிசையை விட்டு வெளியே வந்து அழைத்தாள்.

"குடிக்கிறது யாரும்மா?" என்றது ஓர் ஆண்குரல்.

"எங்க வூட்டுக்காரரு."

"அப்ப அவருதான் பேசணும். நீங்க பேசி ஆவாதுங்க."

அவள் கணவர் செல்லமுத்து தியாகதுருகத்தில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை மோட்டார் தயாராக இருக்கும். குடித்த நாளிலும் அந்தச் சொல் தவறாது. ஆனால் காலையில் இரண்டு வாய் குடித்தால்தான் விரல்கள் கம்பியைப் பிடிக்கும். ஒரே வாரத்தில் இரண்டு காயில் கருகிய பிறகு, "சும்மா பாத்துட்டு வரன்" என்று கிளம்பினார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறை. குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும் உள்ளே. ராணியம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் உள்ளே பலத்த சிரிப்பு கேட்டது. அவளுக்குப் பயமாகிவிட்டது.

"உள்ள இன்னா சிரிப்பு?" என்று திரும்பும்போது கேட்டாள்.

"ஒருத்தரு மாமியா செத்த அன்னிக்கி குடிச்சிட்டு, எழவு வூடுன்னு பக்கத்து வூட்ல போயி உக்காந்து அழுதாராம். அங்க பொண்ணு பாக்க வந்தவங்க இருந்தாங்களாம்." சொல்லிவிட்டு அவரே மறுபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

ஆறு ஞாயிறு போனார். குடிக்கவில்லை. ராணியம்மாளுக்கு அது போதவில்லை. அங்கே பேச்சுதானே, சத்தியம் ஒன்றும் இல்லையே. மார்கழியில் அவரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். குடிக்கிறவர்கள் நாள் சொல்லிக் கயிறு கட்டிக்கொள்கிற கோயில் அது. சொன்ன நாளுக்குள் குடித்தால் குடும்பத்தைத் தாக்கும் என்பார்கள்.

"எத்தினி மாசத்துக்கு?" என்றார் பூசாரி.

ஒரு வருடம் என்று சொல்லத்தான் போயிருந்தாள். வாய் வரவில்லை. நடுவில் தவறிவிட்டால்? மகள் சந்தியா பன்னிரண்டாவது படிக்கிறாள். தாக்கினால் அவளையல்லவா தாக்கும்.

"மாசி ஒண்ணு வரைக்கும் போதும் சாமி. அப்பறமா திருப்பிக் கட்டிக்கறோம்."

அடுத்த ஞாயிறு, கூட்டத்தை நடத்துகிற இளஞ்செழியன் படிக்கட்டில் அவளிடம் வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

"கயிறு இருந்துட்டுப் போவுதும்மா. எதுக்கு தேதி சொன்னீங்க? நாங்க நாளைக்கின்னு கூடப் பேசறதில்ல. இன்னிக்கு குடிக்கல, அவ்ளோதான்."

செய்த தவறு அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தை முழுக்க, தேதியை மறந்துவிடும்படி கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். "சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான்" என்பார். ஒரு துளி தொடவில்லை. நாட்காட்டியை மட்டும் தினமும் பார்த்தார்.

மாசி முதல் நாள் காலை குளித்து, தேங்காய் வாங்கி, அவளை வண்டியில் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போனார். பூசாரி கயிற்றை அறுத்தார்.

"திருப்பிக் கட்டுங்க சாமி" என்றாள்.

"கட்டிக்கிறவரு சொல்லணும்மா."

செல்லமுத்து தேங்காய் மூடியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், மதுக்கடைக்கு எதிர்ப்புறம் வண்டியை நிறுத்தினார். கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். மணி பதினொன்று.

"நீ வூட்டுக்குப் போ, ராணி."

"ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்குதுங்களே."

"வராம இன்னா. இன்னிக்கு வெசாழக்கெழம தான?"

இளஞ்செழியனை அழைத்தாள். பேருந்து பிடித்து அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். இரண்டு ஆண்களும் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்தார்கள்.

"டீல சக்கர ஜாஸ்தி போடச் சொல்லுங்க. ஆச அடங்கும்" என்றார் இளஞ்செழியன்.

"மூணு மாசமா சக்கரதான் தின்னுகினு இருக்கன். மருமவனே, சக்கர வியாதி வந்தா நீங்கதான் மாத்திர வாங்கித் தரணும்." தன்னைவிட மூத்தவரை மருமகனே என்று கூப்பிட்டுச் செல்லமுத்து சிரித்தார்.

"இந்த ஒரு நாள் மட்டும், செல்லமுத்து. நாளைக்கு உங்க இஷ்டம்."

"யாருக்கும் நான் பொய் சொல்லலீங்க. சொன்ன நாள் வரைக்கும் இருந்தன்."

எதிரே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. செல்லமுத்து தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மரியாதையாகக் கும்பிட்டார். சாலையைக் கடந்தார்.

"அண்ணா, போய் இஸ்த்துகினு வாங்கண்ணா" என்றாள் ராணியம்மாள்.

இளஞ்செழியன் எழுந்து இரண்டு அடி வைத்தார். நின்றுவிட்டார்.

"அந்த வாசலுக்கு என்னால வர முடியாதும்மா." அவர் கை தேநீர்க் கடையின் கம்பத்தைப் பிடித்திருந்தது. "பஸ் வர வரைக்கும் கொஞ்சம் என்கூட நில்லும்மா. தனியா வுடாத."

அவள் கடைவாசலில் நீண்ட வரிசையைப் பார்த்தாள். கணவரின் முதுகு அதில் எது என்று தெரிந்தது. அப்புறம் திரும்பி, இளஞ்செழியனை நிறுத்தத்துக்கு அழைத்துப் போய், கள்ளக்குறிச்சிப் பேருந்து வருகிற வரைக்கும் அவருக்கும் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.