நான் விசாரித்துவிட்டு வந்த நான்கு வீடுகள்

வில்லியனூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். முன்கோபி என்று பெயர் எடுத்தவன். வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களை நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கிறேன். “ரைட்டரு வாய்க்குப் பயந்தாவது காயிதத்த ஒழுங்கா எடுத்துக்கினு போவணும்” என்பார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவதென்றால் காகிதம் பார்ப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. நிலத்தின் நான்கு எல்லையிலும் யாருடைய நிலம் இருக்கிறதோ, அந்த நான்கு பேரையும் வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும். வரப்புத் தகராறு உண்டா, பங்காளி வழக்கு உண்டா, தண்ணீர் விடுவார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் நான்கு வீடும் ஏறி இறங்கிவிட்டார் என்றால் ஊர் அதை முடிந்த பேரமாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வேறு யாரும் அந்த நிலத்துக்கு விலை கேட்டு வர மாட்டார்கள்.

என் அக்கா மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்கு இருந்த ஒரே கரும்புக் கொல்லையை நாலு வழிச் சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நஷ்டஈடு வந்தது. ஆனால் அதே சாலையால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறிவிட்டது. வந்த பணத்துக்குப் பழைய கொல்லையில் பாதிகூடத் தேறாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நிலத்தில் கால் வைக்காமல் ஒரு நாளும் விடிந்திராதவள், காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் கைப்பேசி. திருக்கனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, டிபன் கொடுத்து, புதிதாக வரப்போகும் கிரிப்டோ டோக்கன் என்ற இணைய நாணயம் ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர்தான் முன்னின்று நடத்தியிருக்கிறார். முதல் கட்ட விலை பத்து நாளைக்குத்தானாம். ஆறு மாதத்தில் போட்டது இரண்டு மடங்காகுமாம்.

“ரெண்டு மடங்கு ஆனா கொல்லை வாங்கிடலாம்டா,” என்றாள். “நீ பாத்துட்டு சொல்லு. நீ சரின்னு சொல்லாம ஒத்த ரூவா போட மாட்டேன்.”

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். அக்காவின் முகத்தில் மாமா போனதற்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. போதாததற்கு, முப்பது வருடம் பத்திரம் பார்த்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற திமிரும் இருந்தது.

டோக்கனுக்கு எல்லை ஏது? ஏற்கெனவே பணம் போட்டவர்களை எல்லைக்காரர்களாக வைத்துக்கொண்டேன். அந்த வாத்தியார், ஓர் அரிசி ஆலைக் கணக்கர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், மணப்பட்டில் படகு வைத்திருப்பவர் ஒருவர். மூன்று நாள் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தேன். நான்கு பேருமே கைப்பேசியைத் திறந்து காட்டினார்கள். எல்லோருக்கும் தொகை ஏறியிருந்தது. மணப்பட்டுக்காரர் எனக்குச் சாப்பாடே போட்டார். “போடுங்க ரைட்டரே, நம்ம ஆளுங்கதான் எல்லாம்,” என்றார். நான்கு வாயும் ஒன்றையே சொன்னதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், அக்கா போனில் கேட்டாள். “போயி வெசாரிச்சியாடா?” மேசைக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். எரிச்சலில், “நாலு பேரையும் கேட்டாச்சுக்கா, காயிதம் பாக்கணும், அப்புறம் பேசறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மிச்சத்தை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் டவுனில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமைதான் அவளுக்கு லீவு. டோக்கன்காரர்கள் வெளியிட்டிருந்த நாற்பது பக்க அறிக்கையைத் திறந்தோம். நிர்வாகிகள் என்று ஐந்து படங்கள். ஒரு படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தாள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல் மருத்துவர் வேறு பெயரோடு அதே சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். அறிக்கையின் பாதிப் பக்கங்கள் வேறொரு நாணயத்தின் அறிக்கையில் வரிக்கு வரி அப்படியே இருந்தன. கம்பெனி எந்த ஊரில் பதிவானது என்பதற்கு ஒரு தீவின் பெயர்தான் இருந்தது, பதிவு எண் இல்லை. டோக்கன்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்று பார்க்க ஒரு பொதுப் பதிவேடு உண்டாம். அதையும் எடுத்துக் காட்டினாள். அநேகமாக எல்லாமே ஒரே ஆளின் கணக்கில் கிடந்தன.

“அப்பா, அந்த நாலு பேர்ல யாராச்சும் வித்து, காசா பேங்க்ல எடுத்தாங்களா?” என்றாள்.

நான் கேட்கவே இல்லை. உடனே வாத்தியாருக்குப் போன் போட்டேன். ஆறு மாதம் பூட்டு, அதற்குப் பிறகுதான் எடுக்க முடியும் என்றார். மற்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் வாத்தியாரிடம் திரும்பவும் பேசி, ஆள் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், “நூத்துக்குப் பத்து எங்க கணக்குல ஏறும் ரைட்டரே, நீங்களும் சேத்துவுடலாம்,” என்றார். கொல்லைக்கு எல்லைக்காரன் உண்மையைச் சொல்வான், ஏனென்றால் யார் வாங்கினாலும் அவனுக்குக் காலணா கிடையாது. இந்த நான்கு பேருக்கும் நான் ஒரு கிராக்கி. முப்பது வருட அனுபவத்தில் இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போனேன். பத்து நாள் கெடுவில் இன்னும் மூன்று நாள் இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேதான் வண்டியை நிறுத்தினேன்.

“வேணாம்க்கா, அது ஏமாத்து,” என்றேன்.

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “போட்டுட்டனேடா,” என்றாள். “வியாழக்கெழமையே.”

“நான் சொல்லாம எப்படிக்கா போட்ட?”

“வாத்தியாரு வூட்டுக்கு வந்து சொன்னாரு, ஒன் தம்பி நாலு பேரையும் வெசாரிச்சிட்டுப் போனாருன்னு. ஒனக்குப் போன் போட்டேன், நீயும் கேட்டாச்சுன்ன. அப்பால இன்னா இருக்குது? நாலு வூடும் ஏறிட்டா முடிஞ்ச மாதிரிதானடா? புடிக்காத எடத்துக்கு நீ ஏன் அலையப் போற?”

அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? நம் ஊர் வழக்கம் அதுதானே. நான் சந்தேகப்பட்டுப் போய் விசாரித்தேன், நான் விசாரித்ததையே அவர்கள் விளம்பரமாக்கிவிட்டார்கள். வாட்ஸப் குழுவில் வாத்தியார் போட்டிருந்த செய்தியை அக்கா காட்டினாள். ‘வில்லியனூர் பத்திர ரைட்டரே நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்’ என்று இருந்தது. அதன் கீழே ஏழெட்டுப் பேர் கும்பிட்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துப் பணம் போட்டார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பி எடுக்க என்னென்னவோ செய்து பார்த்தோம். பூட்டு, பூட்டு என்றே பதில் வந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் அந்தச் செயலியே திறக்கவில்லை. வாத்தியாரும் சேமிப்பு முழுவதையும் அதில்தான் போட்டிருந்தார். சைபர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தோம். புகாரை எழுதியவன் நான்தான். ஏமாந்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்த வருடம் அவள் அடுத்தவர் கொல்லைக்குக் களை எடுக்கக் கூலிக்குப் போனாள். நான் மேசையில் யாரையும் திட்டுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அவள் ஒரு மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்தாள். கூலிக்குப் போகிற கொல்லையிலேயே ஒரு துண்டைக் குத்தகைக்குப் பேசியிருக்கிறாள். ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“பாத்துட்டு சொல்லுடா,” என்றாள்.

“என்னையா கேக்கற?” என்றேன்.

“வேற யாரைக் கேப்பேன்? இந்த வாட்டி நீ ஒன் வாயால சொல்றவரைக்கும் எழுந்து போவ மாட்டேன்.” பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டே பக்கம்தான். மூன்று முறை படித்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. சரி என்ற ஒரு சொல்லை வாயைத் திறந்து சொல்ல எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. அதுவரை அக்கா எழுந்திருக்கவில்லை.