மகதலேனா கேட்ட பாங்கு

மலேசியாவின் கிள்ளானில் மகதலேனாவின் பள்ளிக்கூட வேனில் பிள்ளையை ஏற்றிவிட்ட தாய்மார்கள் அதன் பிறகு கவலைப்படுவதே இல்லை. அந்தக் கவலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டவள் அவள். பள்ளி வாசலில் எவராவது வந்து, "நான் இவனோட மாமா" என்றால், பையனே தலையாட்டினாலும் விடமாட்டாள். வீட்டுக்குப் போன் போட்டுத் தாயிடம் கேட்பாள், பேசுவது தாய்தானா என்றும் ஒருகணம் யோசிப்பாள். எல்லோரும் இறங்கிய பிறகு ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை. ஆகவே சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

அந்தக் குணம் வேனோடு நின்றிருந்தால் வீடு பிழைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டை ஏந்தி வருகிறவரின் விரல்களைக்கூட அவள் கவனிப்பாள். கணவன் ஹென்றி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஓவர்டைம் முடிந்து வந்தால் சட்டையை மோந்து பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். வாசலிலேயே சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான்.

மகள் சமந்தாவுக்குத் திரெங்கானுவில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. ஹென்றி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தான். மகதலேனா அதில் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. இருப்பது ஒரே பெண், அதுவும் நாட்டின் மறுகரைக்குப் போகிறது. எவனாவது நைச்சியமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், மகள் இனித் தன் மகளாக இருக்கமாட்டாள் என்று பயந்தாள். அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் கண்டிஷன் என்று பெயர் வைத்தாள். தினமும் பொழுது சாயும்போது வீடியோ கால் வரவேண்டும். கட்டில், அலமாரி, கதவுக்குப் பின்புறம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட வேண்டும்.

"மா, ரூம்மேட் துணி மாத்திக்கிட்டு இருக்கா" என்பாள் சமந்தா.

"அப்ப அவள பேசச் சொல்லு. பொண்ணு குரலான்னு கேட்டுக்கிறேன்."

அந்தப் பெண் பாவம், துணி மாற்றிக்கொண்டே "ஹலோ ஆன்டி" என்று கத்துவாள்.

அந்த நேரம் பள்ளிவாசல்களில் மாலைப் பாங்கு சொல்லும் நேரம். கிழக்குக் கரையில் சூரியன் முந்தி இறங்குவதால் முதலில் போனுக்குள் சமந்தாவின் ஊர்ப் பாங்கு கேட்கும். அது ஓய்ந்து கொஞ்சம் கழித்துத்தான் மகதலேனா வீட்டுக்குப் பின்னாலுள்ள சின்னத் தொழுகைக்கூடமான சூராவில் தொடங்கும். பிறந்ததிலிருந்து பாங்கு கேட்டு வளர்ந்தவள் அவள். தினமும் பேசிப் பேசி அந்த வரிசையும் காதில் படிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை போனில் வெறும் சுவர் மட்டும் தெரிந்தது. ரூமில் கரண்ட் இல்லை, தோழியின் ரூமில் இருக்கிறேன் என்றாள் சமந்தா. முன்பும் சில தடவை இப்படிச் சொல்லி, பாங்குக்கு முன்பே போனை வைத்திருக்கிறாள். இந்தத் தடவை திரெங்கானுப் பாங்கு நேரம் தாண்டியும் போனுக்குள் பாங்கு வரவே இல்லை. மகதலேனா பேச்சை இழுத்தாள். பின்னால் சூராவில் தொடங்கியதும், போனுக்குள்ளும் தொடங்கியது. வேறு குரல், வேறு இழுப்பு, ஆனால் இரண்டும் ஒரே நேரம்.

"சரிடா கண்ணு, சாப்ட்டு படு" என்று தேனாகப் பேசிப் போனை வைத்தாள். அவள் தேனாகப் பேசினால் ஹென்றிக்குக் கிலி பிடிக்கும்.

"என்னங்க, பாப்பா திரெங்கானுல இல்ல. இங்கதான் கேஎல் பக்கத்துல எங்கயோ இருக்கா. எவன் கூடயோ."

"பாங்க வச்சா கண்டுபிடிச்ச? நீ போலீஸ்ல சேந்திருக்கணும்லா" என்றான் ஹென்றி. ஆனால் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

மறுநாள் கோலாலம்பூரில் தேடப் போவதென்று முடிவாயிற்று. கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று அங்கே பிரிக்பீல்ட்சில் தனியாக இருக்கும் தங்கை ஜெரால்டினுக்குப் போன் போட்டாள். காலையில் வீட்டுக்கு வரட்டுமா என்று மட்டும்தான் கேட்டாள்.

"நாளைக்கா? வேணாங்கக்கா, பங்சார்ல ஒரு வேலை இருக்கு" என்றாள் ஜெரால்டின்.

எப்போது பேசினாலும் "நீங்க எப்பக்கா வீட்டுக்கு வருவீங்க" என்று குறைப்பட்டுக்கொள்கிறவள் அவள். மகதலேனா இனி தேட வேண்டியிருக்கவில்லை.

காலையில் வேனை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கையின் ஃப்ளாட்டுக்குப் போனாள். ஜெரால்டின் கதவைப் பாதிதான் திறந்தாள். மகதலேனா மீதியைத் திறந்துகொண்டாள். ஆம்பளைச் செருப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை. குளியலறை, சமையல்கட்டுக் கதவின் பின்புறம், துணி காயும் பால்கனி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியாக அறைக்குள் போனாள்.

சமந்தா கையும் காலும் விரித்துப்போட்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் கதவு லேசாக அசைந்தாலே எழுந்து உட்காருகிற பெண் அவள். மகதலேனா உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"யாருடி அவன்?"

"யாரும் இல்லமா."

"அப்புறம் எதுக்குடி இங்க?"

சமந்தா சித்தியைப் பார்த்தாள். "சொல்லிரு" என்றாள் ஜெரால்டின்.

"அங்க ஒத்துக்கலமா. படிப்பும் கஷ்டமா இருக்கு. சில வாரம் முடியல, அழுகையா வருது. அப்ப பஸ் ஏறி இங்க வந்துருவேன்."

"அழுகை வந்தா பெத்தவகிட்டதானே வரணும்? கிள்ளான் என்ன, வேற நாட்டுலயா இருக்கு?"

"வீட்டுக்கு வந்தா ஏன் வந்தேன்னு கேப்பீங்க. சொன்னா நம்ப மாட்டீங்க. நம்ப வைக்கிறதுக்கே ரெண்டு நாளும் போயிரும்" என்றாள் சமந்தா. கோபமே இல்லாமல் சொன்னாள். "சித்தி எதுவும் கேக்க மாட்டாங்க. தட்டு எடுத்து வைப்பாங்க, நான் சாப்ட்டு தூங்கிருவேன்."

மகதலேனா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இதுக்கு மட்டும்தான் வந்தியா?" என்று வந்தது.

சமந்தா போர்வையை உதறி மடிக்கத் தொடங்கினாள். ஜெரால்டின் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டாள். மகதலேனாவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"வீட்டுக்கு வரியாடா?" என்றாள், போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே.

"அடுத்த தடவ வரேன்மா."

பொய்யை ஒரு மைல் தூரத்திலேயே மோப்பம் பிடிக்கிறவள், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கி வேனை எடுத்தாள்.

ஹென்றி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "யாரு பையன்?"

"பையனெல்லாம் யாரும் இல்லங்க. தங்கச்சி வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தா."

"அப்புறம் என்ன, நல்லதுதானே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

மகதலேனா படியில் உட்கார்ந்தாள்.

"பையன் இருந்திருந்தா அடிச்சு வெரட்டியிருப்பேன்" என்றாள். "இப்ப யாரங்க வெரட்டுறது?"